ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

12 பிப்ரவரி 2025, புதன்

இன்றைக்கு ஏழாவது மன்னிப்புக் கடிதம். இந்தக் கல்லூரியில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட முடியவில்லை, அதற்குள் ஏழு.

குற்றம்: பதினொரு நிமிஷம் தாமதம். கோட்டக்குப்பத்திலிருந்து பாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து திண்டிவனத்துக்கு இன்னொரு பஸ். இரண்டாவது பஸ் கிளியனூர் தாண்டி பஞ்சர். பஞ்சர் ஆனது பஸ், மன்னிப்புக் கேட்டது நாசியா.

ஆபீஸ் சூப்பரின்டெண்ட் நெடுஞ்செழியன் சார் வழக்கம்போல மாதிரித் தாளை நீட்டினார். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, நான் கவனக்குறைவாகச் செய்த தவறுக்கு வருந்துகிறேன், இனி இவ்வாறு நிகழாது என உறுதி கூறுகிறேன். நடுவில் ஒரு கோடு காலியாக இருக்கும். குற்றத்தை அதில் நிரப்ப வேண்டும்.

"சார், பஸ் டிரைவர்கிட்ட எழுதி வாங்கிக்கினு வரட்டா?" என்றேன்.

"உன் வாய்க்கே தனியா ஒரு லெட்டர் வாங்கணும்மா" என்றார்.

இந்தக் கல்லூரியில் எந்த விவகாரமும் கடிதத்தில்தான் முடியும். போன வருஷம் மின்விசிறி கழன்று தோளில் விழுந்த பையன்கூட, 'கவனக்குறைவாக அதன் கீழ் அமர்ந்திருந்தேன்' என்று எழுதிக் கொடுத்தான். கட்டுப்போட்ட கையோடு.

எட்டாவது எழுதமாட்டேன். இங்கே தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

19 பிப்ரவரி, புதன்

முடித்துவிட்டேன்! 4,212 வரிகள் 1,870 ஆகிவிட்டன.

பின்னால் என்றைக்காவது எடுத்துப் படித்தால் எனக்கே புரிய வேண்டுமே, அதனால் விவரமாக எழுதுகிறேன். டிசம்பர் மழையில் கல்லூரி ஆபீஸுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பதிவேடுகள் ஊறிப் போய், வெயிலில் காயவைத்து, கடைசியில் குப்பைக்குத்தான் போயின. அதற்கு அப்புறம்தான் முதல்வருக்குக் கம்ப்யூட்டர் ஞாபகமே வந்தது. மாணவர் விவரம், வருகைப் பதிவு, ஹால் டிக்கெட் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி ஒரு போர்ட்டல் வேண்டும் என்றார். எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு புராஜெக்டாக அது என் தலையில் விழுந்தது. எங்களுக்கு டேட்டாபேஸ் எடுக்கும் ஜெசிந்தா மேடம்தான் கைடு.

சிக்கல் என்னவென்றால், ஒரே ஆள் மூன்று இடத்தில் இருந்தார். பஸ் பாஸ் பட்டியலில் ஒரு வரி, உதவித்தொகைப் பட்டியலில் ஒரு வரி, வகுப்புப் பட்டியலில் ஒரு வரி. மூன்று அறைகளில் மூன்று பேர் தட்டச்சு செய்தது. பாதி வரிகளில் பதிவெண்ணே இல்லை. நான் ஒரு விதி எழுதினேன். பேர், இனிஷியல், பிறந்த தேதி — மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள், வரிகளை ஒன்றாகச் சேர்த்துவிடு. அவ்வளவுதான். ராத்திரி பகலாக மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம், நான்கு வரி விதியில் அடங்கிவிட்டது.

மேடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "ஒரே பேரு, ஒரே இனிஷியல், ஒரே தேதி ரெண்டு பேருக்கு வந்தா என்னம்மா பண்ணுவ?"

"வராது மேடம்."

"அவ்ளோ நிச்சயமா?"

"வருஷத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள் இருக்குது மேடம். வராது."

சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இந்த போர்ட்டலைக் காட்டித்தான் சென்னைக் கம்பெனியில் வேலை வாங்கியிருக்கிறேன். ஜூலையில் சேர வேண்டும், அதற்குள் டிகிரி கையில் இருக்க வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். "சென்னையா? தினம் போயிட்டு வர்ற தூரமாடி?" என்றாள். குவைத்தில் இருக்கும் அத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஏழு கைதட்டல் பொம்மை வந்தது.

28 பிப்ரவரி, வெள்ளி

போர்ட்டல் திறப்பு விழா. கம்ப்யூட்டருக்கு ரிப்பன் கட்டி வெட்டுவதை இன்றைக்குத்தான் பார்த்தேன். திரையில் மேடம் பேரும் என் பேரும். சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது.

2 மார்ச், ஞாயிறு

முதல் நோன்பு. வெயில் இப்பவே இப்படி.

13 மார்ச், வியாழன்

ஹால் டிக்கெட் தகுதிப் பட்டியல் எடுக்க ஆபீஸில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேர் சிவப்பில் வரும். பதினெட்டு பேர் சிவப்பு. அதில் ஒருத்தி மூன்றாம் ஆண்டு கணிதம், க. சங்கவி, நாற்பத்தேழு சதவீதம்.

பதினோரு மணிக்கு அவளும் அவள் அப்பாவும் வந்தார்கள். அவர் பேர் கண்ணையன். பிரம்மதேசத்தில் மல்லாட்டை அறுவடை நடக்கிறதாம், நிலக்கடலை பிடுங்குகிற வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை, கால் விரல் இடுக்கில் செம்மண் இருந்தது.

நெடுஞ்செழியன் சார் மாதிரித் தாளை நீட்டினார். 'தொடர்ந்து கல்லூரிக்கு வராமல் இருந்தமைக்கு வருந்துகிறேன்.' கீழே பெற்றோர் கையெழுத்து. கொடுத்தால் பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசு போகும், ஹால் டிக்கெட் வரும். இருபத்தெட்டாம் தேதி கடைசி.

"நான் ஒரு நாள் கூட லீவு போடல சார். எங்க கிளாஸ் மேடம் பிரசவ லீவுல போயிட்டாங்க. புதுசா வந்தவங்களுக்கு எங்க பேரே தெரியாது" என்றாள் சங்கவி.

அவள் அப்பா அவளைப் பார்க்கவே இல்லை. சாரைத்தான் பார்த்துப் பேசினார். "காலைல டிபன் டப்பால சோறு கட்டிக்கினு போறா சார். சாயந்தரம் காலி டப்பா வருது. காலேஜுக்கு வரலன்னா, எங்க குந்திக்கினு சாப்ட்டா?"

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவள் பக்கத்தைத் திறந்து, திரையை அவர்கள் பக்கம் திருப்பினேன். சிவப்பு சிவப்பாக ஆப்சென்ட். நான் சொன்னேன் — நான்தான் சொன்னேன் — "சிஸ்டம் பொய் சொல்லாது, சங்கவி."

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் பேனாவை மேசைமேல் வைத்தாள். "செய்யாத தப்புக்கு எழுதமாட்டேன் சார்."

"படிச்சது போதும், வா" என்றார் அப்பா. அவள் கையில் இருந்த போனை அங்கேயே வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

14 மார்ச், வெள்ளி

அந்தக் காலி டப்பா மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

ஊர் சுற்றப் போகிறவள் டப்பாவில் சோறு கட்டிக்கொண்டா போவாள்? ஏழு தடவை அந்த மாதிரித் தாளை நிரப்பியவள் நான். அவள் அதைத் தொடக்கூட இல்லை. பொய்க்காரிக்கு அவ்வளவு திமிர் வருமா? எனக்கு அவள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை.

நோன்பு திறந்த பிறகு அம்மாவிடம் சொன்னேன். என் விதியையும் விளக்கினேன். ஒரே பேரும் தேதியும் இரண்டு பேருக்கு வரவே வராது என்றேன்.

அம்மா கஞ்சி ஊற்றிக்கொண்டே, "அந்தப் பொண்ணு பொறந்த தேதி என்ன?" என்று கேட்டாள்.

"ஜூன் ஒண்ணு."

"அத்தாவுக்கும் அதான்."

"அதனால என்னம்மா?"

"உங்க அத்தா பொறந்தப்ப ஊரே வெள்ளக்காடாம். நடவு வயலுக்குள்ள பூந்து மருத்துவச்சியைக் கூட்டிக்கினு வந்தாங்களாம். ஜூன்ல எங்கடி மழை? பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப ஹெட்மாஸ்டரு கையைத் தலைக்கு மேல போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொன்னாராம். தொட்டுச்சி. அஞ்சு வயசு முடிஞ்சிதுன்னு ஜூன் ஒண்ணு எழுதிட்டாரு. பாஸ்போர்ட்லயும் அதான். கிராமத்துல பாதிப் பேருக்கு அதான் பொறந்த நாளு. எம்.எஸ்சி. படிக்கிறவ, உனக்குத் தெரியாதா?"

தெரியாது. நான் பாண்டி பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தவள். மணி நிமிஷத்தோடு சான்றிதழ் இருக்கிறது. வருஷம் தவறாமல் ஜூன் ஒன்றாம் தேதி குவைத்துக்கு போன் போட்டு ஹேப்பி பர்த்டே பாடியவள் நான். அத்தாவும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கேக் வெட்டுவது போலக் கையை அசைப்பார்.

கஞ்சியை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

15 மார்ச், சனி

மதியத் தொழுகை முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். ஒரே ஒரு குவெரி: எந்தத் தேதியில் எத்தனை பேர் பிறந்திருக்கிறார்கள்?

1,870 பேரில் ஒரு நாளைக்குச் சராசரியாக ஐந்து பேர் வர வேண்டும். ஜூன் ஒன்று — நூற்று நாற்பத்து மூன்று பேர்.

நூற்று நாற்பத்து மூன்று! வருஷத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள் இருக்குது மேடம். அப்படிச் சொன்னபோது என் முகம் எப்படி இருந்திருக்கும்? நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

அடுத்து சங்கவி. நல்லவேளை, துறைகளிலிருந்து வந்த மூலப் பதிவு எதையும் நான் அழிக்கவில்லை. ஜனவரியிலிருந்து ஒவ்வொரு மணி நேரமும் அதில் இருக்கிறது. கேட்டேன்: ஒரே ஆள், ஒரே நேரத்தில், இரண்டு வகுப்பில் இருக்கிறாரா?

இருநூற்றுப் பதினான்கு தடவை. பத்து மணிக்கு கணிதத்தில் சங்கவி வந்திருக்கிறாள், அதே பத்து மணிக்கு பி.காம். முதலாண்டில் சங்கவி வரவில்லை. பதினொன்றுக்கும் கணிதத்தில் வந்திருக்கிறாள், பி.காமில் வரவில்லை.

இரண்டு பேர். இருவரும் க. சங்கவி, இருவருக்கும் 1 ஜூன் 2004. ஒருத்தி பிரம்மதேசம், அப்பா கண்ணையன். இன்னொருத்தி பொம்மையார்பாளையம், அப்பா கலியபெருமாள். ப்ளஸ் டூ முடித்து இரண்டு வருஷம் வேலைக்குப் போய்விட்டுத் தாமதமாகச் சேர்ந்தவள் போலிருக்கிறது, அதனால்தான் வயதும் ஒத்துப்போயிருக்கிறது. டிசம்பர் மழைக்கு அப்புறம் அவள் வரவே இல்லை. வராதவளை ஆசிரியர்கள் தினமும் ஆப்சென்ட் போட, என் விதி அதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் வந்தவள் கணக்கில் கொட்டியிருக்கிறது.

பிரித்துப் பார்த்தேன். கண்ணையன் மகள் சங்கவியின் வருகை தொண்ணூற்றைந்து சதவீதம். என்னுடையதைவிட அதிகம்.

இன்னும் இரண்டு ஜோடி இப்படிச் சேர்ந்திருக்கிறது. அவை போன வருஷமே முடித்துவிட்டுப் போனவர்களின் வரிகளோடு சேர்ந்தவை, பாதகம் இல்லை. இவள் ஒருத்திக்குத்தான்.

சிஸ்டம் பொய் சொல்லாதாம். அடிப்பாவி. சொன்னது சிஸ்டமா, நீயா?

17 மார்ச், திங்கள்

ஜெசிந்தா மேடத்திடம் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி படித்தார்.

"சத்தமில்லாம சரி பண்ணிடு" என்றார்.

"அந்தப் பொண்ணு, மேடம்?"

"பட்டியல் வெள்ளிக்கிழமையே மேல போயாச்சு. திரும்ப மாத்தணும்னா ஆபீஸுக்கு ஒரு காரணம் வேணும். அவ லெட்டர் குடுத்துட்டா சிபாரிசுல முடிஞ்சிடும். போர்ட்டல் தப்புன்னு எழுதினா, ரிப்பன் வெட்டினவங்க சும்மா இருப்பாங்களா? உன் புராஜெக்டைத் திருப்பி அனுப்பிடுவாங்க. நவம்பர்லதான் வைவா. அப்ப உன் வேலை?"

"அவ காலேஜுக்கே வரலன்னு ஃபைல்ல நிக்குமே மேடம்."

"ஃபைல்ல எத்தனையோ நிக்குது நாசியா. யாரு எடுத்துப் பாக்கப் போறாங்க?"

"அவங்க அப்பா பார்த்துட்டாரே மேடம்."

மேடம் கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் பயப்படுகிறார், கொஞ்சம் தனக்காகவும். இரண்டாம் செமஸ்டரில் எனக்கு டைபாய்டு வந்தபோது பாடக் குறிப்பை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தவர். அதனால்தான் கத்த முடியவில்லை. வராண்டாவுக்கு வந்து தூணை ஒரு உதை விட்டேன். கால் வலிக்கிறது.

எனக்கு அந்த வேலை வேணும். பொய் சொல்லல, ரொம்ப வேணும்! ஆனா அவ எதுக்கு எழுதணும்? என் தப்புக்கு அவ எதுக்குடி எழுதணும்?

18 மார்ச், செவ்வாய்

பிரம்மதேசம் போனேன். டவுன் பஸ்ஸில் கோயில் ஸ்டாப்பிங்கில் இறங்கி, கண்ணையன் நிலம் எது என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். நோன்பு, உச்சி வெயில். நிலத்தில் பெண்கள் உட்கார்ந்து பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து மல்லாட்டை பறித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சங்கவியும். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் அம்மா தையல்நாயகி சொம்பில் மோர் கொண்டுவந்தார். நோன்பு என்றேன். "அய்யய்யோ, இந்த வெயில்லியா?" என்று என்னை இழுத்துப் புங்கமரத்தடியில் உட்கார வைத்தார்.

வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "சங்கவி, தப்பு என்னுது" என்றேன்.

அவள் எழுந்து வந்தாள். கை முழுக்க மண். "அன்னிக்கு எங்கப்பா முன்னாடி சொன்னீங்க இல்லக்கா. இப்பவும் அவரு முன்னாடியே சொல்லுங்க."

கண்ணையன் வரும்வரை காத்திருந்தேன். சொன்னேன். இரண்டு சங்கவி, ஒரே தேதி, என் விதி. தாள்களைக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை.

"அத கம்ப்யூட்டர்ல எழுதினது நீயாம்மா?"

"ஆமாங்க."

"அப்ப கம்ப்யூட்டரு தப்பு பண்ணல. நீ பண்ண."

"ஆமாங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் துடைத்தார். அப்புறம் மகளைப் பார்க்காமலே சொன்னார்: "அஞ்சு நாளா இவகிட்ட நான் பேசல."

சங்கவி திரும்பி நின்றுகொண்டாள்.

"இவ ஜூன்ல எங்க பொறந்தா?" என்றார் தையல்நாயகி. "மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளு பொறந்தா. ஸ்கூல்ல அப்படிப் போட்டாத்தான் சேத்துக்குவாங்கன்னாங்க."

கிளம்பும்போது கண்ணையன் சொன்னார். "ஊருக்குள்ள, பொண்ணு காலேஜு போவாம சுத்திக்கினு இருந்துச்சின்னு பேச்சாயிருச்சி. நீ வாயால சொன்னது எனக்குப் போதும். ஊருக்குப் போதாது. எழுதிக் குடும்மா."

எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒருவர் என்னிடம் நியாயமாகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

பையில் இரண்டு படி பச்சை மல்லாட்டை. நோன்பு திறந்ததும் வேகவைத்து உப்புப் போட்டு அம்மாவும் நானும் தின்றோம். அம்மாவிடம் எல்லாம் சொன்னேன், வேலை போகலாம் என்பதையும். கொஞ்ச நேரம் தொலியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "உங்க அத்தாகிட்ட நான் பேசிக்கறேன், நீ போய் எழுது" என்றாள்.

20 மார்ச், வியாழன்

எட்டாவது. நானே கேட்டு வாங்கின மாதிரித் தாளில்.

அனுப்புநர்: நி. நாசியா, எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு.
பெறுநர்: க. சங்கவி, மூன்றாம் ஆண்டு கணிதம், த/பெ. கண்ணையன்.

'நான் கவனக்குறைவாக எழுதிய விதியால், கல்லூரிக்கு ஒழுங்காக வந்த தாங்கள் வராதவராகக் காட்டப்பட்டீர்கள். தங்கள் உண்மையான வருகை தொண்ணூற்றைந்து சதவீதம். தங்கள் தந்தையின் முன்னிலையில் தங்களைப் பொய் சொல்பவர் போலப் பேசியதற்கும் வருந்துகிறேன். இதே பேரில் பி.காம். முதலாண்டில் படிக்கும் பொம்மையார்பாளையம் மாணவியின் பதிவும் தங்கள் பதிவோடு கலந்து இல்லாமல் போனது என்னால்தான். அவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. இனி இவ்வாறு நிகழாது.'

நகல்: முதல்வர். இணைப்பு: இருநூற்றுப் பதினான்கு வரிகள்.

நெடுஞ்செழியன் சார் இரண்டு தடவை படித்தார். "பெறுநர் இடத்துல ஸ்டூடன்ட் பேரு போட்டிருக்குறியேம்மா."

"தப்பு அவளுக்குத்தானே சார் பண்ணேன்?"

"ஏம்மா எனக்கு இந்தப் பேஜாரு? ஒரு ஸ்டூடன்ட் இன்னொரு ஸ்டூடன்டுக்கு எழுதுற லெட்டருக்கு இன்வேர்டு நம்பர் போட ரூல் இல்ல."

"போடக்கூடாதுன்னு ரூல் இருக்குதா சார்?"

முப்பது வருஷ சர்வீஸ் மனிதர். விட்டத்தைப் பார்த்து யோசித்தார். இல்லைபோல. முத்திரையை எடுத்து மையில் ஒற்றி ஒரு குத்து. 618/2025.

இது போதும். நம்பர் விழுந்த தாள் இந்த ஆபீஸில் காணாமல் போகாது. போனால் சார் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

முத்திரையோடு ஒரு நகல் கண்ணையனுக்கு, பதிவுத் தபாலில்.

21 மார்ச், வெள்ளி

ஜெசிந்தா மேடம் என்னைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனார். போகட்டும்.

26 மார்ச், புதன்

முதல்வர் அறை. என்னை நிற்க வைத்தே பேசினார். ஐந்து நிமிஷம் கல்லூரியின் மானம், ஐந்து நிமிஷம் என் வீம்பு.

"உங்க கைடுகிட்ட சொல்லாம இதை எழுதினியா?"

"சொன்னேன் சார். அவங்க வேணாம்னாங்க. எழுதினது என் முடிவு."

"ஒரு பொண்ணுக்காக மொத்த போர்ட்டலும் தப்புன்னு ஊருக்குச் சொல்றியா?"

"ஒரு பொண்ணு தப்பா இருந்தாலும் அது தப்புதான் சார்."

சொல்லிவிட்டேன்.

முடிவு இது. சங்கவிக்கு ஹால் டிக்கெட் கொடுக்கப்படும், திருத்தப் பட்டியல் பல்கலைக்கழகத்துக்கு இன்றைக்கே போகும், அவள் கடிதம் எதுவும் தர வேண்டியதில்லை. என் புராஜெக்ட் திருப்பி அனுப்பப்படுகிறது. வைவா நவம்பரில்.

வெளியே வந்ததும் நெடுஞ்செழியன் சார் கூப்பிட்டு மெல்லச் சொன்னார். எனக்கு முன்னால் மேடம் உள்ளே போயிருந்தாராம். 'அந்தக் கேள்வியைக் கேட்டதும் நான்தான் சார், பதிலை நம்பிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அவளை மட்டும் திட்டாதீங்க' என்றாராம்.

மேடத்தைத் தேடிப் போனேன். வகுப்பில் இருந்தார். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்து, "நவம்பருக்குள்ள அந்த விதியை ஒழுங்கா எழுது. அழுது வடியாத" என்பது போலக் கையைக் காட்டினார். அப்படித்தான் காட்டினார் என்று நானே வைத்துக்கொண்டேன்.

31 மார்ச், திங்கள்

பெருநாள். புதுத் துணி, பிரியாணி, எல்லாம் உண்டு. கம்பெனிக்கு மெயில் போட்டுவிட்டேன். ஜூலையில் டிகிரி இருக்காது என்று.

2 ஏப்ரல், புதன்

கம்பெனியிலிருந்து இரண்டு வரி பதில். எதிர்காலத்துக்கு வாழ்த்தாம். வருத்தம் இருக்கிறது, இல்லை என்று எழுதினால் பொய். குளிக்கப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். அழுதது வேலைக்காக. கடிதத்துக்காக இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

8 ஏப்ரல், செவ்வாய்

முதல் பரீட்சை. மரத்தடியில் சங்கவி, பக்கத்தில் அந்த டிபன் டப்பா. சாதம், கருவாட்டுக் குழம்பு. "நோன்பு முடிஞ்சிடுச்சி இல்ல, குந்துக்கா" என்றாள். மூடியில் எனக்கும் போட்டாள்.

என் கடிதத்தை அவள் அப்பா கண்ணாடி போட்டு மாட்டிவிட்டாராம். சாமி படத்துக்குப் பக்கத்தில். "வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் காட்றாருக்கா, மானம் போவுது" என்றாள்.

மாட்டட்டும். ஏழு கடிதம் ஃபைலில் கிடந்து மட்குகிறது, ஒன்றாவது சுவரில் இருக்கட்டும்.

20 மே, செவ்வாய்

புதிய விதி ஓடுகிறது. இனி எதையும் அதுவாகச் சேர்க்காது. ஒரே மாதிரி இரண்டு வரி வந்தால் நிறுத்திவிட்டு, இருவரையும் கூப்பிட்டுக் கேள் என்று சொல்லும். "கம்ப்யூட்டர் வந்தும் நானே கேக்கணும்னா அது எதுக்கும்மா?" என்று நெடுஞ்செழியன் சார் புலம்புகிறார். புலம்பிக்கொண்டே கேட்கிறார்.

1 ஜூன், ஞாயிறு

இன்றைக்கு என் பட்டியலில் நூற்று நாற்பத்து நான்கு பேருக்குப் பிறந்த நாள். பிரித்த பிறகு ஒருத்தி கூடியிருக்கிறாள்.

காலையில் குவைத்துக்கு போன். "அத்தா, மழையில பொறந்தீங்களாமே?" என்றேன். திரையில் அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நீ சின்னப் புள்ளையில அவ்ளோ ஆசையா பாடுவ. எப்படி இல்லன்னு சொல்றது?" என்றார். இந்த வருஷமும் பாடினேன். அவரும் கேக் வெட்டினார், கையை அசைத்து.

மதியம் ஒரு புது நம்பர். "அக்கா, நான் சங்கவி பேசுறேன்."

"சொல்லு சங்கவி. பொய்ப் பொறந்த நாள் வாழ்த்து!"

அந்தப் பக்கம் அலை அடிக்கிற ஓசை கேட்டது. "நான் அந்த சங்கவி இல்லக்கா. பொம்மையார்பாளையம்."

சாய்ந்து படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தேன்.

போன வாரம் பிரம்மதேசத்துச் சங்கவி இவளைத் தேடிக்கொண்டு போயிருக்கிறாள், என் கடிதத்தில் இவளைப் பற்றி இருந்த அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு. பீச் கெஸ்ட் ஹவுஸில் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம், உன் பேர்தான் என் பேரும் என்றாளாம். நம்பரைக் கொடுத்து, அக்காகிட்ட கேளு என்றாளாம்.

"மழையில எங்க ஊட்டு கூரையே போயிடுச்சிக்கா. அப்புறம் படகும் போயிடுச்சி. யாரும் போவாதன்னு சொல்லல. நானேதான் வரல. காலேஜுல இருந்து ஒரு போனு கூட வரல, அதான் பேரை எடுத்துட்டாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "என் பேரு இன்னும் இருக்குதாக்கா?"

லேப்டாப்பைத் திறந்தேன். க. சங்கவி, பி.காம். முதலாண்டு, த/பெ. கலியபெருமாள். தனி வரி.

"இருக்குது."

"நெஜமாவா?"

"பாத்துக்கினுதான் சொல்றேன். இருக்குது."

தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இத்தனை மாசம் வராததுக்கு மன்னிப்பு லெட்டர் எழுதிக் குடுக்கணும் இல்ல? எப்படி எழுதறதுன்னு சொல்லிக் குடுங்கக்கா."

"ஒண்ணும் எழுத வேணாம்" என்றேன். "பதினாறாம் தேதி காலேஜ் திறக்குது. வா."